பெட்டி பிரிக்கிற நாள்

கடல் கடந்து சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்த பரிசுகளில், எழுத்தில் பதிந்து நிற்கிற பழைய பரிசு ஒரு கல். காம்போஜ தேசத்து அரசன், அதாவது இன்றைய கம்போடியாவை ஆண்டவன், முதலாம் குலோத்துங்க சோழனுக்கு ஓர் அதிசயக் கல்லைக் காட்சிப் பொருளாகக் கொடுத்தான். குலோத்துங்கன் அதைக் கருவூலத்தில் பூட்டி வைக்காமல் நடராசர் கோயிலில் எதிரம்பலத்தின் முன்பக்கத்தில் பதிக்கச் சொன்னான். அவன் தங்கை குந்தவை செய்த கொடைகளைச் சொல்கிற 1114ஆம் வருஷத்துக் கல்வெட்டில் இந்தச் சங்கதியும் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளை ஊர் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்கிற ஆசை ராஜாவுக்கும் இருந்திருக்கிறது. ஷோகேஸ்தான் அன்றைக்கு இல்லை.

அதே குலோத்துங்கன் காலத்தில், 1077இல், சோழநாட்டிலிருந்து 72 பேர் தூது போய்ச் சீனப் பேரரசரைப் பார்த்தார்கள். கண்ணாடிச் சாமான், கற்பூரம், தந்தம், பன்னீர், பெருங்காயம், கிராம்பு என்று கொண்டுபோய் வைத்தார்கள். பதிலுக்கு 81,800 சரம் செப்புக் காசு கிடைத்ததாகச் சீனத்துக் குறிப்பு சொல்கிறது. அது ராஜாவுக்கு வந்த கணக்கு. அந்த 72 பேரும் அவரவர் பெண்டாட்டிக்கும் மச்சினிக்கும் பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் என்ன வாங்கி வந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வெறுங்கையோடு வந்திருக்க முடியாது. வந்திருந்தால் வாசல்படி ஏறவே சங்கடப்பட்டிருப்பார்கள்.

எழுதி வைக்காத இந்தக் கணக்கைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் கல்வெட்டு படித்தவன் அல்ல. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ரேடியோ கடையில் பையனாகச் சேர்ந்து, மர்பி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோக்களில் கை பழகி, பிறகு சொந்தமாக ஒரு பெஞ்சும் சால்டரிங் அயனும் மல்டிமீட்டரும் வைத்துப் பிழைத்தவன். என் பெஞ்சுக்கு வந்த சாமான்களில் பெரும்பாதி கப்பலிலும் விமானத்திலும் வந்தவை. அவற்றில் பெரும்பாதி பரங்கிப்பேட்டை வீடுகளிலிருந்து வந்தவை. பெட்டியில் வந்த பொருளை வீட்டார் ஒரு நாள் பார்க்கிறார்கள். அது ரிப்பேராகிற வரைக்கும் இருந்து பார்ப்பவன் நான்தான். அந்தப் பொருள் யாருக்கு வந்தது, யாரிடம் போனது, யார் வீட்டு அலமாரியில் தூசி குடிக்கிறது என்று எல்லாம் எனக்குத் தெரியவரும். சொல்ல வேண்டாம் என்றாலும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பரங்கிப்பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிதம்பரத்திலிருந்து பி.முட்லூர் வழியாகப் போனால் வெள்ளாறு கடலில் கலக்கிற இடம். போர்த்துக்கீசியர் போர்ட்டோ நோவோ என்றார்கள். முஸ்லிம் கப்பல்காரர்கள் மகமூது பந்தர் என்றார்கள். டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் பண்டகசாலை வைத்திருந்தார்கள். 1781 ஜூலை 1ஆம் தேதி ஐதர் அலியும் இங்கிலீஷ் தளபதி சர் அயர் கூட்டும் மோதிய சண்டை இங்கேதான் நடந்தது. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் இரும்பு உருக்காலை வைத்து, விறகுக்கரியில் உருக்கிய இரும்பை ஷெபீல்டு வரைக்கும் அனுப்பினார். பள்ளிக்கூடப் பாடத்தில் சண்டையும் ஆலையும் வரும். ஊரை வாழவைத்தது இரண்டும் இல்லை, மரக்கலம்.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரைத் துணி அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் போனது. திரும்புகிற கப்பலில் தகரம், மிளகு, பாக்கு, வாசனைச் சரக்குகள், சில சமயம் யானைகூட வந்தது. அந்தக் காலத்து ஆசியக் கடல்களில் மாலுமிக்குச் சம்பளத்தோடு, கப்பலில் கொஞ்சம் இடமும் உண்டு. அந்த இடத்தில் தன் சொந்தச் சரக்கை ஏற்றிக்கொள்ளலாம்; விற்ற லாபம் அவனுக்கு. அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஜாதிக்காயில் எவ்வளவு விற்பனைக்கு, எவ்வளவு அக்கா தங்கைக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பிரிவினை பின்னாளில் சுங்க இலாகா போட்டது. சொந்த உபயோகத்துக்கா, வியாபாரத்துக்கா என்று விமான நிலையத்தில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு எங்கள் கரையில் நேர்மையான பதில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய பிறகு இந்தக் கரை முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களும் சோழியர்களும் அங்கே பெருகினார்கள். 1801இல் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் அங்கே எழுந்தது. 1819க்குப் பிறகு சிங்கப்பூர். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளியை 1826இல் தொடங்கினார்கள். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கடலூர் என்று கரையோரத்து ஊர்க்காரர்கள் எல்லாம் அந்தத் தெருக்களில் கடை போட்டார்கள். கடல் கடந்து போய்ச் சம்பாதிப்பவரைப் பரங்கிப்பேட்டையில் சபுராளி என்பார்கள். மச்சான் சபுர்ல இருக்கார் என்றால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எந்த நாடு என்பது இரண்டாம் பட்சம்.

இது வணிகர் கதை. கூலிக்குப் போனவர் கதை வேறு. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன ஜில்லாக்களில் எங்கள் தென்னாற்காடும் ஒன்று. ஆள் பிடிக்க வந்தவர் கங்காணி. தோட்டத்து முதலாளி அவருக்குப் பணம் கொடுத்துச் சொந்த ஊருக்கே அனுப்புவார். அவர் புதுச் சட்டை, குடை, மோதிரம், தலைப்பாகை சகிதம் கிராமத்துக்குள் நடந்து வருவார். உறவுக்காரர்களுக்குத் துணிமணி கொடுப்பார். அந்தப் பரிசைத் தொட்டுப் பார்த்த பையன்களில் சிலர் அடுத்த கப்பலில் இருப்பார்கள். ஊர் திரும்புகிறவன் கொண்டுவரும் பொருளுக்கு விளம்பரப் பலகை வேலையும் உண்டு என்பதைக் கங்காணிகள் தெரிந்தே செய்தார்கள். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புக் கூலிகளை அங்கே அனுப்புவதை நிறுத்தியது. பளபளப்பைக் காட்டி ஆள் கிளப்புகிற வித்தை மட்டும் நிற்கவில்லை. அதற்கப்புறம் அதைச் செய்தது தூரத்து மாமன் மகனின் ரிஸ்ட் வாட்ச்.

கப்பல் என்றால் எங்கள் தகப்பன்மார் காலத்தில் ரஜுலாதான். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். அதே வருஷம் பிறந்த அதன் சகோதரி ரோனாவை 1943இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் மூழ்கடித்தார்கள். ரஜுலா தப்பிப் பிழைத்து, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு நடந்தது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வருகிற ஜனம்தான் மிகுதி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். ஆளும் பெட்டியும் படகில் இறங்கி அலை தாண்டி வர வேண்டும். அதனால் டிரங்குப் பெட்டியை ஜமக்காளத்தால் சுற்றிச் சாக்கு வைத்துத் தைத்து, மேலே பெயரையும் ஊரையும் கறுப்பு மையில் எழுதியிருப்பார்கள். அந்தச் சாக்கைப் பிரிக்க வீட்டில் ஒருவர் அரிவாள்மனையோடு தயாராக இருப்பார்.

ரஜுலா ஓய்ந்தபின் 1973 முதல் ஓடிய கப்பலுக்குப் பெயரே சிதம்பரம். பிரான்சு நாட்டுக்காரர்கள் பாஸ்டர் என்று பெயர் வைத்து ஓட்டிய கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. எங்கள் ஊரில் இதனால் ஒரு குழப்பம் உண்டு. அண்ணன் சிதம்பரத்துல வர்றான் என்று ஒருவர் சொன்னால், சிதம்பரத்துக்கு வருகிறானா, சிதம்பரத்தில் ஏறி வருகிறானா என்று கேட்டுத் தெளிய வேண்டும். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. பயணிகள் கப்பல் போக்குவரத்தும் அத்தோடு போயிற்று. அந்த வாரம் பரங்கிப்பேட்டை, நாகூர் வீடுகளில் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆள் நல்லபடி வந்தாரா என்று கேட்கப் பழகினார்கள்.

பெட்டி பிரிப்பது என்று எங்கள் பக்கம் சொல்வதைச் சடங்கு என்றே வைத்துக்கொள்ளலாம். வந்த அன்றைக்கே பிரிப்பவர்கள் உண்டு. பரங்கிப்பேட்டையில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் மறுநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு. பிரிப்பது கொண்டுவந்தவர் அல்ல. அவருடைய தாயோ, ராத்தா என்கிற அக்காவோ. கொண்டுவந்தவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, தான் வாங்கிய பொருள் தனக்கே தெரியாத ஆட்களுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பாட்டி தன் மடியில் பேப்பர்த் துண்டு வைத்துக்கொண்டு பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் சம்பந்தி வீடு. பிறகு மகன் சபுர் போகப் பணம் புரட்டிக் கொடுத்தவர்கள். பிறகு அவன் இல்லாத நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர், மணியார்டர் கொண்டுவந்த போஸ்ட்மேன், ஓதிக் கொடுத்த உஸ்தாத். கடைசியில் சொந்தப் பேரப்பிள்ளைகள். அவர்கள் அழுதார்கள். பாட்டி அசையவில்லை.

அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒரு ஆள் கடல் தாண்டிப் போக இருபது பேர் கை கொடுத்திருப்பார்கள்: ஒருத்தி வளையல் கழற்றியிருப்பாள், ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார், ஒருத்தர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார். திரும்பி வருகிறவன் கொண்டுவருவது அவர்களுடைய பங்கு. கேட்டு வாங்க முடியாத பங்கு, ஆனால் கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு. சுற்றுலா போனவர் நினைவாக வாங்குகிற பொம்மையோடு இதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பட்டியலில் எனக்கும் ஓர் இடம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியோக்காரருக்கு என்று ஹீரோ பேனாவோ ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமோ வரும். வாங்கிக்கொண்ட பிறகு அந்த வீட்டு செட்டுக்கு எப்படிக் கூலி கேட்பது?

என்ன வந்தது என்பதைக் காலவாரியாக என் பெஞ்சே சொல்லும். முதலில் டிரான்சிஸ்டர்: நேஷனல், சோனி, சான்யோ. தோல் உறை போட்டது. வீட்டில் ரேடியோ வைக்கத் தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டிய காலம் அது. 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. லைசென்ஸ் கட்டாத செட்டை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர் துண்டில் சுற்றி எடுத்துவருவார். செட்டோடு சீக்கோ கைக்கடிகாரம், நைலக்ஸ் புடவை, மைலோ டப்பா, புலி மார்க் தைலம், கோடாலித் தைலம். புலித் தைலம் ரங்கூனில் பிறந்து சிங்கப்பூருக்குக் குடிபோனது. கோடாலித் தைலம் சிங்கப்பூரிலேயே பிறந்தது. பெட்டியில் வந்ததிலேயே உயர்ந்த சரக்கு என்று யாராவது கேட்டால் இந்தத் தைலத்தைத்தான் சொல்வேன். ஒரு டஜன் வாங்கினால் பன்னிரண்டு வீட்டுக்குப் போய்ச் சேரும். உடையாது, சுங்கத்தில் கேட்க மாட்டார்கள், தலைவலி இல்லாத வீடும் கிடையாது. பெரிய ஸ்டீரியோ செட் ஒரு வீட்டு ஹாலில் துணி போர்த்தி நிற்கும். அதனால் மற்ற பதினொரு வீட்டுக்கும் வயிற்றெரிச்சல்தான்.

கைலியும் வரும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஜில்லாவிலேயே குறிஞ்சிப்பாடியில் நெய்த கைலிகள் சரக்காகக் கடல் தாண்டிப் போகும். இந்தக் கரைத் துணியை அங்கே உடுத்துவது பல நூற்றாண்டுப் பழக்கம். அதையே சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நல்ல விலை கொடுத்து வாங்கி, பாலிதீன் உறையோடு சபுராளி ஊருக்குக் கொண்டுவருவார். சிங்கப்பூர்க் கைலி என்று மாமனார் உடுத்திக்கொண்டு ஜும்மாவுக்குப் போவார். குறிஞ்சிப்பாடி தறிக்காரர் ஒருவர் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது அப்படி ஒரு கைலி தெருவில் போயிற்று. அவர் கரையைப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மாமனாருக்குக் கைலி பழசாகிப் போயிருக்கும்.

எதைக் கொண்டுவருவது என்று பாதிக்குமேல் தீர்மானித்தது அரசாங்கம். 1960களின் தொடக்கத்தில் தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. பிஸ்கட் தங்கம் வைத்திருந்தால் குற்றம். அதனால் பணம் எல்லாம் ஜப்பான் சாமானாக மாறி வந்தது. இங்கே ஒன்றும் கிடைக்காது அல்லது தீர்வை கொல்லும் என்கிற காலத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் பாதி ரொக்கம் மாதிரி. மகள் கல்யாணத்துக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன்னை விற்று நகை செய்தவர்களை எனக்குத் தெரியும். 1990இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். 1992இல் வெளிநாட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்து திரும்புகிறவர் தீர்வை கட்டி ஐந்து கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்றார்கள். அந்த வருஷத்திலிருந்து என் பெஞ்சுக்கு வந்த செட்டுகள் குறைந்தன.

அதற்கு முந்தைய ஏறக்குறைய இருபது வருஷம் வளைகுடாக் காலம். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் சவூதி, குவைத், துபாய் என்று கொத்தனாரும் டிரைவரும் எலெக்ட்ரீஷியனும் போனார்கள். கப்பல் போய் விமானம் வந்தது. டிரங்குப் பெட்டி போய் அட்டைப் பெட்டியும் நைலான் கயிறும் வந்தன. நீடோ பால் மாவு, டாங்க் பவுடர், லக்ஸ் சோப்பு, செண்டு, பேரீச்சம்பழம். ஹஜ்ஜை முடித்து வருபவரிடம் ஜம்ஜம் தண்ணீரும் தஸ்பீகும். ஒரு போத்தல் ஜம்ஜமைச் சின்னச் சின்ன மூடியில் ஊற்றித் தெரு முழுக்கக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் கொடுத்தார்கள், நின்றுகொண்டு குடித்தேன்.

சவூதியில் அப்போது வீட்டு மின்சாரம் 127 வோல்ட். நம் ஊரில் 230. செட்டின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், எந்த வோல்ட் என்று திருப்பி வைக்க. ஊர் திரும்பிய சந்தோஷத்தில் அதை யார் பார்ப்பார்கள்? பெட்டி பிரித்து, செட்டை நடு ஹாலில் வைத்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து, பிளக்கைச் சொருகுவார்கள். டப் என்று ஒரு சத்தம், கருகல் வாடை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் என் கடை வாசலில் நிற்பார்கள். சில செட்டுகளில் சுவிட்சே கிடையாது. அதற்குத் தனியாக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுக்க வேண்டும். செட்டைவிடக் கனமாக இருக்கும். கடற்கரை உப்புக்காற்றில் போர்டில் பச்சை பூத்துவிடும். மோட்டார் பெல்ட் தளர்ந்து பாடகர் நாகூர் ஹனிபாவின் குரல் இழுக்கும். பெல்ட்டுக்கும் ஹெட்டுக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டும்.

அந்த டேப் ரிக்கார்டர்கள் பாட்டுக் கேட்க மட்டும் வந்தவை அல்ல. போனவர் தன் குரலை கேசட்டில் பதிந்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். டிரங்கால் போடக் காசு ஆகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. அறுபது நிமிஷ கேசட்டில் ஒரு பக்கம் வாப்பா உம்மாவுக்கு, மறு பக்கம் மனைவிக்கு. வீட்டார் கேட்டுவிட்டுத் தங்கள் பேச்சைப் பதிந்து அனுப்புவார்கள். செட்டைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, அதில் போடத் தன் குரலை மாதாமாதம் அனுப்பிய ஆட்கள் அவர்கள்.

செட் அந்த நாடாவை மென்றுவிட்டால் என்னிடம் வரும். கேசட்டின் ஐந்து திருகையும் கழற்றி, கசங்கிய இடத்தைச் சாய்வாக வெட்டி, ஒட்டி, பென்சிலால் சுற்றிக் கொடுப்பேன். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு லெவல் மீட்டரின் முள் ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். அடுத்தவர் வீட்டுப் பேச்சு. ஒருமுறை ஒரு பெண் தன் சின்ன நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கேசட்டைக் கையில் வாங்கியதும், இதுல எவ்வளவு வெட்டினீங்க அண்ணே என்று கேட்டாள். அரை அங்குலம் என்றேன். அரை அங்குலத்துல எவ்வளவு பேச்சு போவும் என்றாள். நாடா நொடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் ஓடும். அரை அங்குலம் என்றால் கால் நொடிதான், ஒரு எழுத்து, மிஞ்சினால் ஒரு சின்ன வார்த்தை என்று கணக்குச் சொன்னேன். எந்த வார்த்தை என்றாள். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. வெட்டிய துண்டு குப்பைக் கூடையில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு போனாள்.

1990 ஆகஸ்டு 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே இருந்த நம்மவர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு வந்தார்கள். அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்கள் சுமார் 1,70,000 பேரைக் கொண்டுவந்து சேர்த்தன. உலகத்திலேயே பெரிய விமான மீட்பு என்று அதைச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்களும் வந்தார்கள். கையில் ஒரு பை, சிலருக்கு அதுவும் இல்லை.

அப்படி வந்த டிரைவர் ஒருவர் பிற்பாடு எனக்குச் சொன்னது இது. சென்னையில் உறவுக்காரரிடம் கொஞ்சம் பணம் கடன் வாங்கினார். எஸ்பிளனேடில் திருவள்ளுவர் பஸ் ஏறுவதற்கு முன்னால் பர்மா பஜாருக்கு நடந்தார். அரை டஜன் வெளிநாட்டு சோப்பு, ஒரு டஜன் தைலம், இரண்டு செண்டு பாட்டில், பிள்ளைக்கு ஒரு பேனா. பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்தார். எதுக்குங்க, உயிர் தப்பி வந்திருக்கீங்க, உங்ககிட்ட யாரு கேப்பா என்றேன். கேக்க மாட்டாங்க, அதனாலதான் கொடுக்கணும் என்றார். வீட்டில் அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் பிரித்துக் கொடுத்தாள். மச்சினி சோப்பை மோந்து பார்த்துவிட்டு, குவைத்து சோப்பு வாசமே தனிதான் என்றாளாம். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு நின்றபாடில்லை.

அவர் வாங்கிய பஜார் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1962இல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடை கண்ணியெல்லாம் அரசாங்கத்துக்குப் போயின. 1964இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறி வெறுங்கையோடு சென்னையில் இறங்கினார்கள். அவர்களில் சிலருக்கு அறுபதுகளின் இறுதியில் பீச் ஸ்டேஷன் எதிரே கடை வைக்க இடம் கிடைத்தது. வெளிநாட்டுச் சாமான் விற்கிற பஜார் அப்படித்தான் உண்டானது. பரிசே இல்லாமல் ஊர் திரும்பிய ஒரு தலைமுறை, அடுத்த தலைமுறையில் பரிசில்லாமல் திரும்பியவனுக்குப் பரிசு விற்றிருக்கிறது. என் ஸ்பேர் பார்ட்ஸில் பாதி அங்கே வாங்கியதுதான். ஒரு பெரியவர் பேரம் பேசும்போது நடுநடுவே பர்மியத்தில் மகனிடம் விலை கேட்பார்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு வேகமாகச் சொல்லிவிடலாம். எல்லாச் சாமானும் மேல வீதியிலேயே கிடைத்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கூலிக்குச் சரக்குச் சுமக்கிற குருவிகள் பெருகினார்கள். பெட்டிக்கும் உறவுக்கும் சம்பந்தம் அற்றுப்போன ஆட்கள். 2013இல் கொஞ்சம் பழைய பரபரப்பு திரும்பியது. தட்டை டிவியைப் பலர் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து இறங்க, ரூபாய் மதிப்பு சரிந்த நேரம் பார்த்து அந்த ஆகஸ்டு 26 முதல் டிவிக்குத் தீர்வைச் சலுகை கிடையாது என்றார்கள். 2016இன் விதியில் வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்த ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை, அதுவும் மதிப்பு வரம்போடு என்று வைத்தார்கள். பெண் கூடுதலாகக் கொண்டுவரலாம் என்று எழுதிய அதிகாரிக்கு நம் ஊர்க் கல்யாண வீடு தெரிந்திருக்க வேண்டும். டேப் ரிக்கார்டர் ரிப்பேருக்கு இப்போது ஆள் வருவதில்லை. நான் பெஞ்சைக் காலி செய்யவில்லை. உட்கார்ந்து பேச அது வசதி.

இப்போது சபுர் போகாதவர்களும் போகிறார்கள். திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர், சிங்கப்பூர். நாலு நாள் பேக்கேஜ். எதிர்வீட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடும்பத்தோடு மலேசியா போய்வந்தார். தெருவில் எல்லோருக்கும் பிரிஜ்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மை. இரட்டைக் கோபுரம் போட்டது. அழகாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜில் அது கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவருடைய தாயாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த அம்மாவின் அண்ணன் ஒருவர் ரஜுலாவில் போய்வந்தவர். மகன் கொடுத்த பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதத் தெறக்கறது எப்படிடா?”

“தெறக்கறது இல்லம்மா. ஒட்டி வைக்கிறது.”

“தைலம் எங்க?”

மகன் விழித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மேல வீதி மருந்துக் கடைக்குப் போய்க் கோடாலித் தைலம் வாங்கி, அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பையிலிருந்து எடுப்பது போல எடுத்துக் கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த அம்மா மூடியைத் திறந்து ஒரு சொட்டு நெற்றியில் தேய்த்துக்கொண்டு, “ஒண்ணுதான் வாங்கினியா?” என்றார். “ரேடியோக்காரருக்கு என்ன கொடுப்ப?”